மடக்குக் கத்தியின் ரம்பம்: அதற்கென்று உள்ள வேலைகள்

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களில் பலர் அதிலுள்ள ரம்பத்தை வாங்கிய அன்று ஒருமுறை திறந்து பார்த்ததோடு சரி. விரல் நீளமே உள்ள ரம்பத்தால் என்ன பெரிதாக அறுத்துவிட முடியும் என்ற நினைப்புதான் காரணம். என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ஹன்ட்ஸ்மேன் என்ற சுவிஸ் ராணுவக் கத்தி. மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம். அதில் பெரிய கத்திக்கு அடுத்து நான் அதிகம் திறப்பது ரம்பத்தைத்தான். எந்த வேலைக்கு அதை எடுப்பது, எப்படிப் பிடிப்பது என்று பழகிவிட்டால் நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

முதலில் ஒரு விதி. மரத்தின் நாருக்கு நெடுக்காகப் போகும் வேலை கத்திக்கு. குறுக்காகப் போகும் வேலை ரம்பத்துக்கு. நார் ஓடும் திசையில் கத்தி தானாக இறங்கும், சீவும், பிளக்கும். குறுக்கே வைத்து அழுத்தினாலோ நார்கள் நசுங்கி எதிர்த்து நிற்கும். உடனே நாம் பலத்தைக் கூட்டுவோம். கத்தி சட்டென்று வழுக்கி, பிடித்திருக்கும் மறு கையில் போய் நிற்கும். ரம்பம் அதே நார்களைப் பல் பல்லாக அறுத்துக்கொண்டு போவதால் அந்தப் பலமே தேவைப்படாது. என் அக்கா மகனுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்தபோது ரம்பத்தைத்தான் முதலில் கையில் கொடுத்தேன். கத்தி அதற்குப் பிறகுதான். நழுவினால் ரம்பம் தோலைக் கீறும், கத்தி ஆழமாக இறங்கும். தொடங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ரம்பத்தைத் திறந்து, முனைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தச்சர் ரம்பத்தில் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சாய்த்திருப்பார்கள். அறுத்த தடம் தகட்டைவிட அகலமாக விழுவதற்காக அந்த ஏற்பாடு. விக்டோரினாக்ஸ் ரம்பத்தில் பற்கள் சாய்ந்திருக்காது. அதற்குப் பதில் பல் பக்கம் தடிமனாகவும் முதுகுப் பக்கம் மெலிந்தும் தீட்டியிருப்பார்கள். பல் போன வழியில் முதுகு தாராளமாக வரும். மடக்கினால் ஒடுங்கிய பள்ளத்துக்குள்ளும் அடங்கும். இவ்வளவு சின்னத் தகடு இவ்வளவு நன்றாக அறுப்பதற்கு இந்த வடிவம்தான் காரணம். சுவிஸ் ராணுவம் 1961 முதல் கொடுத்துவந்த கத்தியில் ரம்பம் கிடையாது. 2008-இல் வந்த மாதிரியில்தான் மர ரம்பத்தைச் சேர்த்தார்கள். பயன் தெரிந்து சேர்த்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி பிடிப்பு. ரம்பத்தை மட்டும் திறந்து வையுங்கள். கத்தி உட்பட மற்ற எல்லாம் மடங்கியிருக்கட்டும். 91 மில்லிமீட்டர் கத்திகளில் ரம்பத்துக்குப் பூட்டு கிடையாது, முதுகிலுள்ள விசைதான் தாங்குகிறது. தள்ளும்போது முனை எங்காவது இடித்தால் ரம்பம் விரல் மேல் மடங்கிவிடும். ஆகவே பலம் முழுவதும் இழுப்பில் இருக்கட்டும். தள்ளுவது ரம்பத்தைத் திரும்ப முன்னால் கொண்டுபோக மட்டும். லெதர்மேன் வேவ் போன்ற பல்கருவிகளில் ரம்பம் பூட்டிக்கொள்ளும், ஓப்பினெல் நிறுவனத்தின் 12-ஆம் எண் மடக்கு ரம்பத்தில் திருகிப் பூட்டும் வளையம் இருக்கிறது. அவற்றையும் நான் இழுத்துத்தான் அறுப்பேன். மெல்லிய தகடு இழுக்கும்போது நேராக நிற்கும், தள்ளும்போது நெளியும்.

அறுக்கும் கட்டை அசையவே கூடாது. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறுப்பதுதான் எல்லாச் சிரமத்துக்கும் மூலம். தரையில் கிடக்கும் பெரிய மரத்தின் மேல் குச்சியை வைத்து முழங்காலால் அழுத்திக்கொள்ளலாம். மரக் கவையில் செருகி உடம்பால் சாய்ந்து பிடிக்கலாம். வீட்டில் என்றால் ஒரு பழைய முக்காலியும் செருப்புக் காலும் போதும். தொடக்கத்தில், அறுக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை உயரமாக ஊன்றி, ரம்பத்தின் தட்டைப் பக்கம் அதில் உரசும்படி வைத்து, அழுத்தாமல் நாலைந்து முறை பின்னால் மட்டும் இழுங்கள். தடம் விழுந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் வேரிலிருந்து முனைவரை ரம்பத்தின் முழு நீளமும் ஓடட்டும். பலர் நடுப் பற்களை மட்டும் வைத்துக் குட்டிக் குட்டியாகத் தேய்த்துவிட்டு, ரம்பம் அறுக்கவில்லை என்கிறார்கள்.

பருமனுக்கும் ஓர் அளவு உண்டு. பற்கள் மரத்தைவிட்டு வெளியே வந்தால்தான் தூள் கொட்டும். உள்ளேயே நின்றால் தூள் அடைத்துக்கொண்டு ரம்பம் வெறுமனே வழுக்கும். அதனால் 2 முதல் 3 சென்டிமீட்டர்வரை நிம்மதியாக அறுக்கலாம். அதற்கு மேல் என்றால் கட்டையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி எல்லாப் பக்கமும் தடம் போட்டு நடுவை நெருங்குங்கள். மணிக்கட்டுப் பருமன்வரை இப்படி முடியும். அடுப்புக்கான காய்ந்த கட்டை என்றால் முழுவதும் அறுக்கவே வேண்டாம்: மூன்றில் ஒரு பங்கு தடம் போட்டு, தடம் வெளிப்பக்கம் இருக்கும்படி இரண்டு மரங்களுக்கு நடுவே கொடுத்து வளைத்தால் அந்த இடத்திலேயே முறியும்.

ரம்பம் சிக்கிக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதி வேலை புரிந்துவிடும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் இருக்கும் கிளையில் மேற்புறம் இழுபட்டு நிற்கும், கீழ்ப்புறம் நெருங்கி நிற்கும். மேலிருந்து அறுத்தால் தடம் தானாக விரிந்து ரம்பத்துக்கு வழிவிடும். இரு முனையும் தாங்கப்பட்ட கட்டையில் இது தலைகீழ். மேற்புறம் நெருக்கம், கீழ்ப்புறம் இழுப்பு. மேலிருந்து அறுக்க அறுக்க நடுப்பகுதி தொய்ந்து, வெட்டின் இரண்டு உதடுகளும் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். எனவே அறுக்கத் தொடங்கும் முன் கட்டை எந்தப் பக்கம் தொய்யப் பார்க்கிறது என்று கவனியுங்கள். முடிந்தால் தாங்கலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் அறுங்கள். முடியாவிட்டால் இழுபட்ட பக்கத்திலிருந்து அறுங்கள், அல்லது தடத்தில் ஒரு சிறு சிம்பை ஆப்பாகச் செருகி வையுங்கள். சிக்கியே விட்டால் ரம்பத்தைப் பக்கவாட்டில் நெம்பாதீர்கள்; தகடு வளையும், கீல் தளரும். கட்டையைத் தூக்கி வெட்டைத் திறந்துவிட்டால் ரம்பம் தானே வந்துவிடும்.

செடி கொடி வளர்ப்பவர்களுக்கு இந்த ரம்பம் நல்ல துணை. கத்தரிக்கோலுக்கு அடங்காத, பெரிய ரம்பம் நுழைய முடியாத கவட்டுக்குள் இது புகும். கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், முறியும் நேரத்தில் அதன் எடை பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு தண்டுவரை போய்விடும். மூன்று வெட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, கீழிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு முதல் வெட்டு. அதற்கும் கொஞ்சம் வெளியே, மேலிருந்து இரண்டாவது. இதோடு கிளை விழுந்துவிடும். மிச்சமுள்ள குட்டைத் துண்டை எடுப்பது மூன்றாவது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடுவதற்கான திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அழகுக்காகத் தண்டோடு வழவழவென்று அறுத்துவிட்டால் காயம் பெரிதாகி ஆறத் தாமதமாகும். நோய்ப்பட்ட செடியை அறுத்திருந்தால், அடுத்த செடிக்குப் போகும் முன் பற்களை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை காடி, அதாவது மரத்தில் குறுக்குப் பள்ளம், வெட்டுவது. ரம்பமும் கத்தியும் கைகோர்த்துச் செய்யும் வேலை அது. கூடார முளையை எடுத்துக்கொள்வோம். ஒன்றரைச் சாண் நீளத்தில், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருத்த உறுதியான குச்சியாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கத்தியால் கூராக்குங்கள். தலையிலிருந்து மூன்று விரல் கீழே, குறுக்காக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு தடம். பிறகு கூர்முனைப் பக்கமிருந்து தலையை நோக்கி, அந்தத் தடத்தில் போய் முடியும்படி கத்தியால் சரிவாகச் சீவுங்கள். சீவல் ஓடிவந்து ரம்பத் தடத்தில் தானாகக் கழன்று விழும். கத்தியும் அதைத் தாண்டிப் போகாது. தடம் இல்லாமல் வெறும் கத்தியால் செய்து பார்த்தால் தெரியும்: சிம்பு பெயர்ந்து தலைவரை போய், முளையே வீணாகும். தலைப் பக்கம் செங்குத்தாக நிற்கும் முகம் கயிற்றை நழுவவிடாது. தலையின் விளிம்பைச் சுற்றிலும் லேசாகச் சீவிவிட்டால் அடிக்கும்போது பிளக்காது.

இதே உத்திதான் இரண்டு குச்சிகளைக் குறுக்காகப் பொருத்துவதற்கும். மேலே வரும் குச்சியின் அகலத்தைக் குறித்து, இரண்டு ஓரத்திலும் பாதிப் பருமன்வரை ரம்பத் தடம் போடுங்கள். நடுவிலும் இரண்டு மூன்று தடம் போட்டால் மீந்த மரம் மெல்லிய பலகைகளாக நிற்கும்; தட்டைத் திருப்புளியால் நெம்பினால் ஒவ்வொன்றாகப் பெயரும். மற்ற குச்சியிலும் அப்படியே செய்து, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்த்திக் கயிறு சுற்றினால் அசையாது. கொடி படரும் பந்தல், பானை தொங்கவிடும் கொக்கி, சின்ன முக்காலி எல்லாம் இந்த ஒரு காடியிலிருந்து பிறப்பவைதான்.

மூங்கிலுக்கு ரம்பத்தைத் தவிர வேறு எதையும் நான் எடுப்பதில்லை. வெட்டும் இடத்தில் ஒட்டுநாடாவை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, மூங்கிலை உருட்டி உருட்டி அறுத்தால் வெளித்தோல் கிழியாது. கணுவுக்குச் சற்று வெளியே அறுத்தால் அடி மூடிய குவளை கிடைக்கும். விளிம்பை உடனே தேய்த்துவிடுங்கள், மூங்கில் சிலாம்பு கையில் ஏறினால் லேசில் வராது. பிளாஸ்டிக் குழாயும் நன்றாக அறுபடும், ஆனால் மெதுவாக. வேகம் கூடினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பல்லிடுக்கில் ஒட்டும். தடித்த அட்டைக்கும் துடைப்பக் கட்டைக்கும் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பல்லைத் தவிர முதுகும் உதவும். முதுகின் ஓரம் மழுங்காமல் இருந்தால், உரசினால் பொறி பறக்கும் உலோகத் தீப்பொறிக் குச்சியை உரச அதுதான் சிறந்த இடம். நல்ல கத்தியின் கூரை இதற்குப் பாழாக்க வேண்டாம். ரம்பத்தின் கீழே விழும் தூளையும் எறியாதீர்கள். காய்ந்த, பிசின் நிறைந்த கட்டையிலிருந்து வந்த மெல்லிய தூள் தீ மூட்டத் துணையாகும். வழவழப்பான இரண்டு பரப்புகளைப் பசையால் ஒட்ட வேண்டியிருந்தால், பல்லைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள். பசைக்குப் பிடி கிடைக்கும். வெளியிடத்தில் ஒருவருக்குக் கை கால் முறிந்தால், அசையாமல் அணைத்துக் கட்டக் குச்சி வேண்டும். முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைத் தாண்டும் நீளத்துக்கு அறுத்து, உடம்பில் படும் பக்கத்தில் துணி சுற்றிக் கட்டுங்கள்.

உலோகத்தை மட்டும் மர ரம்பத்தால் தொடாதீர்கள். பழைய பலகையை அறுக்கும் முன் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரே ஒரு ஆணி பற்களின் கூரை எடுத்துவிடும். விக்டோரினாக்ஸின் ஸ்விஸ்சாம்ப் போன்ற மாதிரிகளில் அரத்தின் விளிம்பில் உலோகத்துக்கென்றே நுண்பற்கள் உண்டு, அந்த வேலை அதற்கு. மண் ஒட்டிய வேரும் வேண்டாம். மணல் பல்லைத் தேய்த்துவிடும். விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் போடுங்கள்.

பச்சை மரம் அறுத்த பிறகு பல்லிடுக்கில் ஈரத்தூளும் பிசினும் சேரும். அப்படியே மடக்கினால் தூள் பள்ளத்தில் இறுகி, ரம்பம் முழுதாக மடங்காமல் நிற்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வேரிலிருந்து முனை நோக்கித் தேயுங்கள். போகாத பிசினுக்கு ஆல்கஹாலில் நனைத்த துணி. கத்தியை வெந்நீரில் முழுக்கி, எல்லாக் கருவிகளையும் பலமுறை மடக்கித் திறந்தால் உள்ளே உள்ள தூளும் வெளியேறும். நன்றாக உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கினால் அடுத்த முறை தூள் அதிலேயே ஒட்டும். மரத்தை மட்டும் அறுத்தால் இந்தப் பற்கள் மிக நீண்ட காலம் கூராக இருக்கும். மழுங்கினால் மெல்லிய முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டலாம். ஏற்கெனவே உள்ள சாய்வை மாற்றாமல், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தை ஓட்டுங்கள்.