செட்டிநாட்டு வீட்டை ஐந்தாகப் பிரித்து ஒரு பாடம்: புதிய ஆசிரியர்களுக்கான குழுக்கற்றல் செய்முறை

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு சார்ட்டைக் கொடுத்துவிட்டால் அது குழுக்கற்றல் ஆகிவிடாது. நன்றாகப் படிக்கும் ஒருவர் எழுத, மற்றவர்கள் ஸ்கெட்ச் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்கு மாற்றாக, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தம் மாணவர்களுடன் உருவாக்கிய ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்) முறையை இங்கே விளக்குகிறேன். வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்டு, பகைமை மூண்டிருந்த சூழலில், பாடத்தின் ஒரு துண்டை ஒருவரிடம் மட்டுமே கொடுத்ததால், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டே ஆகவேண்டியதாயிற்று.

படி 1: பாடத்தைப் பிரித்தல். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெருவில் நிற்கும் வீடே நல்ல பாடம். முகப்பும் திண்ணையும், வளவும் (முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் பகுதி) முற்றமும், பர்மாத் தேக்கு, சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும், கையால் செய்த வண்ண ஓடு) என்று ஐந்து தலைப்புகளில் அரைப் பக்கம் வீதம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைப் படிக்க இன்னொன்று தேவைப்படக்கூடாது.

படி 2: தாய்க்குழு அமைத்தல். 30 பேர் இருந்தால் ஐவர் வீதம் ஆறு குழுக்கள்; ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்பு. 32 பேர் இருந்தால் இரண்டு குழுக்களில் மட்டும் ஒரு தலைப்பை இருவர் பகிர்ந்துகொள்ளட்டும். யார் யாரோடு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் கூட்டாளிகளாகவே சேர்ந்துகொள்வார்கள்.

படி 3: வல்லுநர் குழு. ஒரே தலைப்பைப் பெற்ற ஆறு பேரும் இப்போது ஒன்றுசேர வேண்டும். ஆறு பேர் கூடினால் ஒருவர் ஒதுங்கிவிடுவார் என்பதால், மூவர் மூவராகப் பிரிப்பதே என் வழக்கம். ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள், ஏனெனில் தயங்கிப் படிக்கும் பிள்ளை, தன் குழுவின் முன் பேசுவதற்கு முன்பாகச் சொல்லிப் பார்க்கக் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். ஆத்தங்குடிக் கல் குழு, கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுவதையும், அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவதையும், பிறகு தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதையும் வரிசை மாறாமல் சொல்லிப் பழகட்டும். சூளையில் சுடாத கல்லுக்கு அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கண்ணாடிதான் காரணம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். (பொறுத்திருப்பது நமக்குத்தான் கடினம்.)

படி 4: திரும்பிக் கற்பித்தல். அடுத்த பாடவேளையில் தாய்க்குழுவுக்குத் திரும்பி, தாளை மூடிவைத்துவிட்டு ஒவ்வொருவரும் தம் பகுதியை விளக்க வேண்டும். உங்களிடம் சந்தேகம் கேட்டால், அந்தத் தலைப்புக்கு உரியவரையே கைகாட்டுங்கள்.

படி 5: தனித்தனித் தேர்வு. குழுவுக்கு மொத்த மதிப்பெண் கொடுத்தால் பழைய கதைதான். ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும். கேள்விகள் ஐந்து தலைப்புகளிலிருந்தும் வரட்டும். "வளவின் தூண்களுக்கான மரம் எங்கிருந்து வந்தது?" என்பதுபோல இரண்டு துண்டுகளை இணைக்கும் கேள்வி ஒன்றாவது இருக்கட்டும்.

ஒரு படி புரிந்தால்தான் அடுத்தது புரியும் என்ற வகையிலான கணக்குப் பாடங்களுக்கு இந்த முறை ஒத்துவராது; அங்கே இருவர் இருவராகச் சேர்ந்து ஒரே கணக்கைப் போடவைப்பதே பயன் தரும்.