ஸ்பைரோனோலாக்டோன் அளவீட்டில் வந்த பொய்யான கேன்ரினோன்

இரத்த பிளாஸ்மாவில் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தையும், உடலில் அது மாறி உருவாகும் கேன்ரினோனையும் எல்சி-எம்எஸ் கருவியில் (பொருள்களை வெளிவரும் நேரத்தால் பிரித்து, பிறகு அவற்றின் அயனிகளின் எடையைப் பார்க்கும் கருவி) ஒரே ரன்னில் அளந்துகொண்டிருந்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று ரன்னைச் சுருக்கமாகவே வைத்திருந்தேன். மாத்திரை கொடுத்த சற்று நேரத்தில் எடுத்த மாதிரிகளிலேயே கேன்ரினோன் எக்கச்சக்கமாக வந்தது. மாதிரி தயாரிப்பில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் அதையே மாற்றி மாற்றிச் செய்தேன். பலனில்லை.

அப்புறம் சுத்தமான ஸ்பைரோனோலாக்டோன் கரைசலை மட்டும் செலுத்திப் பார்த்தேன். அதிலும் கேன்ரினோனுக்கு நான் பார்க்கும் 341 என்ற அயனி எடையில் பெரிய பீக் (சிக்னல் முகடு)! ஸ்பைரோனோலாக்டோனின் மூலக்கூறு எடை சுமார் 416.6. கருவியில் மூலக்கூறுகளை அயனியாக்கும் பகுதியான அயனி மூலத்துக்குள்ளேயே அதிலிருந்து 76 எடையுள்ள தயோஅசிட்டிக் அமிலம் கழன்றுவிடுகிறது. மிஞ்சும் அயனியும் கேன்ரினோன் தரும் அயனியும் ஒன்றே, 341. எடையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் நேரத்தால் பிரித்தேன். கிரேடியன்ட்டை, அதாவது கரைப்பான் கலவை படிப்படியாக மாறும் நேரத்தை, நீட்டியதும் இரண்டு பீக்குகளும் தனித்தனியாக நின்றன. சுத்தக் கரைசலின் 341, ஸ்பைரோனோலாக்டோன் வரும் நேரத்திலேயே வந்தது. கேன்ரினோனின் இடம் காலியாக இருந்தது. பழைய மாதிரிகளை எல்லாம் திரும்ப ஓட்டினேன்.