நோயாளியைக் கட்டிவைக்கும்போது நடக்கும் தவறுகள்

"ராத்திரி டியூட்டிக்கு ஆள் இல்லை, அதனால்தான் கட்டிவைத்தோம்." இந்தக் காரணத்தை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்பதில்லை. நோயாளி தனக்கோ பிறருக்கோ அந்த நொடியே தீங்கு செய்துவிடுவார், தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், அதுவும் பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்தால்தான் கட்டலாம் என்கிறது 97ஆம் பிரிவு. மாத்திரை சாப்பிட மறுத்தார், கத்தினார், எதிர்த்துப் பேசினார் என்பதற்காகக் கட்டுவது தண்டனை. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. தனியறையில் அடைத்துவைக்கவும் கூடாது.

சங்கிலி எந்தச் சூழலிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

ஆனால் பெரிய ஆபத்து கட்டும்போதும் கட்டி முடித்த பிறகும்தான் இருக்கிறது. முரண்டு பிடிப்பவரைக் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை வைத்து அழுத்துவது மிகக் கொடிய தவறு. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடலாம். "மூச்சு முட்டுது" என்று அவர் சொன்னால் அதை நடிப்பு என்று நினைக்காமல் உடனே பிடியைத் தளர்த்துங்கள். அமைதிப்படுத்தும் ஊசி போட்டபின் அடங்கிவிட்டாரே என்று நகர்ந்துவிடவும் கூடாது. மயக்கத்தில் மூச்சு குறையலாம், வாந்தி புரையேறலாம். பக்கத்திலேயே ஒருவர் இருந்து மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டுப் பட்டைக்குள் விரல் நுழைகிறதா, விரல் நுனி நீலம் பாரித்திருக்கிறதா, கை மரத்துப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம் தண்ணீர், சிறுநீர். கட்டிலிலேயே நனைந்து கிடக்க விடுவதைப்போல ஒருவரைச் சிறுமைப்படுத்துவது வேறில்லை. நெடுநேரம் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கவும் கூடும்.

ஆபத்து நீங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். 'காலை ரவுண்ட்ஸ் வரட்டும்' என்று தள்ளிப்போடுவது எல்லா வார்டுகளிலும் எளிதில் நேரக்கூடிய தவறு. அவிழ்த்தபின், ஏன் கட்டினோம் என்பதை நோயாளியிடம் பேசுங்கள். இதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குடும்பத்தினருக்கு: எதற்காக, எப்படி, எவ்வளவு நேரம் கட்டினார்கள் என்பது உடனே கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு (சிகிச்சை விஷயங்களில் அவருக்குத் துணையாகச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) 24 மணி நேரத்துக்குள் தகவல் வர வேண்டும். வரவில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இந்தச் சட்டப்படி இத்தகைய புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாம்.