ராஜகேசரி பெருவழில சைக்கிள் ஓட்டணுமா, கோயம்புத்தூர்ல இருந்து இப்படிப் போங்க

நம்மூர்ல சோழர் காலத்து ஹைவே ஒண்ணு இருந்துச்சுங்க, பேரு ராஜகேசரி பெருவழி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல இருக்கற பாலக்காட்டு கணவாய் வழியா சேர நாட்டுக்குப் போன தடம். வெள்ளலூர்ல 1842ல ரோமானிய வெள்ளிக்காசு குவியலா கிடைச்சதே, அதுலயே தெரியும் சோழருக்கு முன்னாடியே இந்தப் பக்கம் எவ்ளோ வியாபாரம் நடந்துருக்குன்னு. இப்ப இருக்கற ரோடு அப்படியே அந்த தடத்து மேலயே போகுதுன்னு நினைச்சுக்காதீங்க, திசைதான் அது.

வெடியால 5:30க்கே உக்கடம் பெரியகுளம் போயிருங்க. ஸ்மார்ட் சிட்டி வேலைல கரையில சைக்கிள் தடம் போட்ருக்காங்க, ஆனா வாக்கிங் வர்றவங்க மூணு நாலு பேரா கைகோத்துட்டு அதுலதான் நடப்பாங்க, அதனால பெல் இல்லாத சைக்கிள்ல போகாதீங்க. உடம்பு சூடானதும் செல்வபுரம் வழியா பேரூர் ரோட்டப் புடிச்சு மேக்கால போங்க. ஏழு மணிக்கு மேல பஸ்ஸும் டூவீலரும் ஒட்டுக்கா வந்துரும், அப்புறம் ஓட்டறதுல ஒரு சுகமும் இல்ல.

பேரூர்ல டீ குடிச்சுட்டு பட்டீஸ்வரர் கோயில் கனகசபை தூண்ல இருக்கற சிற்பத்தையும் பாத்துருங்க. அங்கிருந்து தெக்கால சுண்டக்காமுத்தூர். அந்தப் பக்கத்து மலையடிவாரப் பாறைலதான் “கோ இராசகேசரி பெருவழி”ன்னு கல்வெட்டு இருக்கு, ஒரே சேதிய தமிழ் எழுத்துலயும், வட்டெழுத்துங்கற அந்தக் காலத்து வளைஞ்ச எழுத்துலயும் வெட்டிருக்காங்க, முதலாம் ஆதித்த சோழன் காலம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. யானை நடமாடற இடம்ங்க அது, வனத்துறைகிட்ட கேக்காம, ஊர்க்காரங்க துணை இல்லாம தனியா போகவே போகாதீங்க. எழுத்து மேல சாக்பீஸ் தேய்ச்சு போட்டோ எடுக்கற வேலையும் வேண்டாம், சாய்வா டார்ச் அடிச்சாலே எழுத்து எடுப்பா தெரியும். மண் தடத்துல சீமைக்கருவேல முள்ளு கிடக்கும், ஸ்பேர் டியூபும் பம்பும் கட்டாயம் வேணும்.

காத்த மறந்துறாதீங்க. ஆனி ஆடில கணவாய்க் காத்து மேக்கால இருந்து மூஞ்சிலயே அடிக்கும், கியர் சைக்கிளே திணறும், போறப்பவே தெம்பெல்லாம் தீத்துட்டா பேரூர்லயே உக்காந்துக்க வேண்டியதுதான். புதுசா ஓட்டறவங்க மார்கழி தைல வாங்க. திரும்பறப்ப குனியமுத்தூர், ஆத்துப்பாலம் வழியா உக்கடம், மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். ஆத்துப்பாலம் கிட்ட மட்டும் லாரிக்கு வழி விட்டு ஓரமா வாங்க.