வீட்டு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: எல்லாரும் முதலில் கேட்கும் தப்பான கேள்வி

"எத்தனை வாட் வாங்கலாம்ணே?" போனில் ஓடும் பாட்டை வீட்டு ரேடியோவுக்கு அனுப்பும் சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்க நினைக்கும் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். திருவையாறு பக்கம் ஒரு தம்பியும் இதையேதான் கேட்டான். போனில் வரும் கச்சேரியை அப்பாயியின் பாக்கெட் ரேடியோவுக்கு அனுப்ப வேண்டுமாம், அப்பாயி சமையல்கட்டிலும் கொல்லையிலும் கேட்டுக்கொண்டே வேலை செய்யும். தியாகராஜர் ஆராதனை நேரத்தில் கச்சேரி வானொலியிலேயே நேரடியாக வருமே என்றேன். "மத்த நாளு என்னண்ணே பண்றது?" என்றான். சரிதான். ஆனால் அவன் கூடையில் போட்டு வைத்திருந்ததோ நாமே பொருத்திக்கொள்ளும் 7 வாட் கிட்!

இங்கேதான் முதல் தப்பு, பெரிய தப்பும் இதுதான். ஐரோப்பிய நாடுகளில் வீட்டு எஃப்எம் டிரான்ஸ்மிட்டருக்கு விதித்திருக்கும் உச்சவரம்பு 50 நானோவாட். 1 வாட் என்பது அதைப் போல 2 கோடி மடங்கு. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் அனுப்பலாம் என்று விட்டிருக்கும் அளவும் சுமார் 60 மீட்டருக்குள் தேய்ந்துபோகும் சிக்னல்தான். நம் நாட்டில் உரிமம் வாங்கி நடத்தும் சமுதாய வானொலிக்கே வழக்கமான வரம்பு 100 வாட்தான், அது பத்துக் கிலோமீட்டர் வட்டாரத்துக்கான கணக்கு. நம் டெல்டாவோ மலையும் மேடும் இல்லாத சமதரை. மொட்டை மாடியில் ஏரியல் கட்டி 7 வாட்டைத் தட்டிவிட்டால் அப்பாயி மட்டுமா கேட்கும், ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊரும் சேர்ந்து கேட்கும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது இங்கே குற்றம். பீகாரில் வைசாலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு ரேடியோ மெக்கானிக் சொற்பக் காசில் செய்த கருவியை வைத்து ஊருக்கே எஃப்எம் நடத்தி, எல்லாரும் பாராட்டியும் 2006-ல் மூடித்தான் ஆக வேண்டியிருந்தது. "கடையில விக்கிறாங்களே" என்பது பதில் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. எஃப்எம் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அதற்கு அடுத்த அடியிலேயே விமானங்களின் அலைவரிசை தொடங்குகிறது. மலிவுக் கிட்களில் வேண்டாத அலைகளைத் தடுக்கும் வடிகட்டி சரியாக இருக்காது, நீங்கள் 107-ல் அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது இன்னும் நாலு இடத்தில் கசிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் திருச்சி விமான நிலையம், தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். வாட் கூடக்கூட இந்தக் கசிவும் கூடும்.

சரி, சின்னதாகவே வாங்குவோம். காரில் செருகும் ப்ளூடூத் வகையா, மேசையில் வைக்கும் வகையா? கார் வகை 12 வோல்ட் கேட்கும், வீட்டில் அதற்குத் தனி அடாப்டர் தேட வேண்டும். டிவி சத்தத்தை அனுப்பப் போகிறீர்கள் என்றால் ப்ளூடூத் வேண்டவே வேண்டாம், வாய் அசைந்த பிறகுதான் வசனம் வரும். வயர் செருகும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அலைவரிசை எண் திரையில் தெரிய வேண்டும். ஸ்க்ரூ திருகி அலைவரிசையைச் சரிசெய்யும் காயில் (கம்பிச்சுருள்) வகையைத் தொடாதீர்கள், சித்திரை வெயிலில் சூடேறியதும் காலையில் வைத்த இடத்தை விட்டு நகர்ந்து போய்விடும். எத்தனை அலைவரிசை தருகிறது என்பதையும் பாருங்கள். பழைய சில சிப்களில் 88 பக்கம் ஏழு, 107 பக்கம் ஏழு என்று பதினான்கே இடம், அதில் உங்கள் ஊரில் காலி எத்தனை என்பது வாங்கிய பிறகுதான் தெரியும்.

காலி இடம் பார்ப்பதில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பகல் பதினொரு மணிக்கு ரேடியோவைத் திருகி, இரைச்சல் மட்டும் வருகிற இடத்தைப் பிடித்து வைத்துவிடுவார்கள். திருச்சி 102.1, காரைக்கால் 100.3, கொடைக்கானலின் கோடை பண்பலை 100.5 எல்லாம் தெரிந்ததுதான், அவற்றை விட்டுக் குறைந்தது 0.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நில்லுங்கள். ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ராத்திரியில் வந்து பாருங்கள், பகலில் காலியாகக் கிடந்த இடத்தில் இலங்கைத் தமிழ் நிலையம் கணீரென்று பேசும். கோடியக்கரையில் நின்று பார்த்தால் திருச்சியைவிட யாழ்ப்பாணம்தான் பக்கம், நடுவில் கடல் மட்டும், வெப்பமான அமைதியான இரவுகளில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது எஃப்எம் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் வந்துவிடும். ஆகவே காலை, மதியம், ராத்திரி ஒன்பது என்று மூன்று வேளையும், இரண்டு மூன்று நாள் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோ வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும், பாக்கெட் ரேடியோவில் இருப்பதே ஒரு ஸ்பீக்கர். மோனோவுக்கு, அதாவது ஒற்றை ஒலிக்கு, மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் அமைப்பில் 50, 75 என்று மைக்ரோசெகண்ட் கணக்கு ஒன்று (கீச்சு ஒலியை எவ்வளவு தூக்கி அனுப்புவது என்பதற்கானது) இருந்தால் 50-ஐ வையுங்கள், 75 அமெரிக்காவுக்கு. மாற்றி வைத்தால் வயலின் காதைக் கீறும். போனில் வால்யூமை முழுசாக ஏற்றுவதும் தப்பு, முக்கால் போதும், அதற்கு மேல் போனால் குரல் உடைந்து பக்கத்து அலைவரிசையிலும் வழியும்.

ஏரியல் விஷயத்தில் என் கதையே இருக்கிறது. கல்லூரி நாளில் ஏரியல் மாட்டாமலே ஒரு கிட்டுக்கு மின்சாரம் கொடுத்து, போன சக்தி திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிட்டது. அதுவரை சேர்த்த பாக்கெட் மணி போச்சு. சின்னக் கருவிகளில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நம் பக்கத்து வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ரயில் மாதிரி நீளும். திண்ணையில் வைத்துவிட்டுக் கொல்லையில் கேட்கவில்லை என்று அதிக வாட்டுக்குப் போகிறார்கள். நடுக்கூடத்தில் உயரமான அலமாரியில் வையுங்கள், இரும்புப் பீரோமேல் வேண்டாம். கொல்லையில் தகரக் கொட்டகை இருந்தால் அதற்குள் எதுவும் நுழையாது, ரேடியோவை வெளியே மாட்டுங்கள். பாக்கெட் ரேடியோ பலதில் இயர்போன் வயர்தான் ஏரியல், அதைச் செருகித் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மட்டமான சார்ஜரில் ஓட்டினால் உய்ங் என்று ஒரு முனகல் கூடவே வரும், பவர்பேங்கில் ஓட்டிப் பாருங்கள், முனகல் போய்விட்டால் குற்றம் சார்ஜர்மேல்.

வாங்கியதும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், கருவியை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் ரேடியோவில் 102.1 வையுங்கள். அதில் உங்கள் பாட்டு ஒட்டிக்கொண்டு வந்தால், பெட்டியில் திரும்பப் போட்டு அனுப்பிவிடுங்கள்.