ஜீப் சேஸிஸை வெளியூரிலிருந்து சேலம் கொண்டுவருவது எப்படி: தனி வண்டியா, பார்சலா, ரிட்டர்ன் லோடா?

ஓசூரிலிருந்து சேலம் வரும் ரோட்டில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். கேபின் கிடையாது, பாடி கிடையாது. வெறும் சட்டத்தின் மேல் இன்ஜினும் ஸ்டியரிங்கும் மட்டும் இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் எதிர்காற்றில் ஓட்டிப் போவார். ஓசூர் அசோக் லேலண்டில் செய்து, பாடி கட்டுவதற்காக நாமக்கல்லுக்கும் கரூருக்கும் போகிற புது சேஸிஸ்கள் அவை. தொப்பூர் கணவாயில் அவற்றைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு ஜீப் சேஸிஸைக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை என்று நினைத்துவிட்டேன்.

என் கதை சுருக்கமாக. ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் ஓடிய பழைய மஹிந்திரா ஜீப்பின் சேஸிஸ் துருப்பிடித்து இற்றுப்போனது. வெல்டிங் வைக்கக்கூட நல்ல இரும்பு மிஞ்சவில்லை. தேடியதில் கேரளாவில் மூவாற்றுப்புழா பக்கம் ஒன்று கிடைத்தது. ஆர்சி புத்தகத்தோடு, முன் பின் ஆக்சில் (சக்கரம் மாட்டும் அச்சு), நாலு சக்கரம் எல்லாம் மாட்டிய நிலையில். இன்ஜின் இல்லை, பாடி இல்லை. சேலத்துக்குச் சுமார் 350 கிலோமீட்டர். அதைக் கொண்டுவந்து சேர்த்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும், விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வண்டி' என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே பாடி கட்டாத சேஸிஸும் டிரெய்லரும் அடங்கும். அதாவது, சட்டத்தின் கண்ணில் வெறும் சேஸிஸும் ஒரு வண்டிதான். பழைய இரும்பு என்று சொல்லி ஏற்றிவர முடியாது. வழியில் நிறுத்தினால் முதல் கேள்வி, "இது யார் வண்டி?"

ஆகவே சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணை பென்சில் பிரிண்ட் எடுத்து (மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து) ஆர்சியோடு ஒப்பிடுங்கள். போட்டோ போதாது. துருவுக்கு மேல் பெயின்ட் அடித்திருந்தால் 3 எது, 8 எது என்று போட்டோவில் தெரியாது. ஆர்சி நகல், விற்பவர் கையெழுத்திட்ட ரசீது, பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (படிவம் 28) மூன்றும் வண்டியோடு வர வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போய், மாநில எல்லையும் தாண்டினால் இ-வே பில் (சரக்கு போவதற்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) வேண்டுமா என்பதை ஏற்றுகிறவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எல்லையில், வாளையாரில் நின்றுகொண்டு பேச வேண்டிய விஷயமல்ல அது. இன்ஜின் மாற்றத்தை ஆர்சியில் ஏற்றுவது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

படி 2: டேப் எடுத்து அளந்து பாருங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது எடை. எனக்கு வந்த சேஸிஸ், சக்கரம் ஆக்சில் எல்லாம் சேர்த்து எடைமேடையில் 380 கிலோ காட்டியது. குட்டி யானைகூட (அதான், டாடா ஏஸ்) தூக்கிவிடும். பிரச்சினை நீளத்தில் இருக்கிறது. சட்டத்தின் முன் நுனியிலிருந்து பின் கடைசி வரை 10 அடி 4 அங்குலம். பொலேரோ பிக்கப்பின் பின்பக்கம் 9 அடி. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்று சொல்ல நிறைய பேர் வருவார்கள். கேட்காதீர்கள். முன்பு பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்ட விதியில் இடம் இருந்தது, இப்போது இல்லை. பாடியைத் தாண்டிச் சரக்கு நீட்டினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், இறக்கி வைக்கும் கூலியும் நம் தலையில். எனக்கு முழு வாடகையே அவ்வளவு ஆகவில்லை.

என் புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலைக் கழற்றி, சட்டத்தை ஒருக்களித்து நிறுத்தி, பிக்கப்பில் மூலைக்கு மூலை வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்துப் பிதாகரஸை எழுப்பினேன். நீளம் 108 அங்குலம், அகலம் 66. மூலைவிட்டம் 126 அங்குலம் சொச்சம். சேஸிஸ் 124. இரண்டு அங்குலம் மிச்சம்! மகிழ்ச்சியில் பிக்கப்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பிதாகரஸ் போட்ட கோட்டுக்கு தடிமன் கிடையாது, சேஸிஸுக்கு உண்டு என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறும் இடத்தில் அது ஓர் அடி கனம் வரும். இரண்டு மூலையிலும் இடிக்கும். அட்வான்ஸ் 1,000 ரூபாய் போனது.

10 அடி டாடா 407 லாரியும் நாலு அங்குலம் பற்றாமல் போய்விடுகிறது. அப்படியானால் 14 அடி ஐச்சர் லாரிதான்.

படி 3: மூன்று வழி, மூன்று கணக்கு

தனி வண்டி: சேலத்திலிருந்து காலியாகப் போய் ஏற்றி வர வேண்டும். 350 கிலோமீட்டர் என்பது 700 ஆகிவிடும். டிரைவர் பேட்டா தனி. டோல் வேறு. பாலியேக்கரை, பன்னியங்கரை, கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று வரிசையாக நிற்கும் (24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான், அது ஒரு சின்ன ஆறுதல்). எனக்குச் சொன்ன விலை 24,000.

பார்சல்: லாரி ஆபீஸில் எடைக்குக் காசு என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். பெரிய சாமானுக்கு அடைக்கும் இடத்தைத்தான் எடையாக மாற்றுவார்கள். 10.5 × 5 × 3 அடி, 157 கன அடி. கன அடிக்கு 8 கிலோ என்று அந்த ஆபீஸில் கணக்கு வைத்தார்கள் (இது இடத்துக்கு இடம் மாறும், முதலில் அதைக் கேளுங்கள்). 380 கிலோ இரும்பு, பில்லில் 1,260 கிலோ ஆனது. ஏற்றுகூலி, இறக்குகூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 11,500. அதுவும் சேலம் குடோன் வரைதான். வழியில் இரண்டு இடத்தில் வண்டி மாற்றி ஏற்றுவோம் என்றார்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஆக்சிலைக் கடப்பாரையால் நெம்புவார்களே என்று நினைத்ததும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். சின்ன பாகங்களுக்குப் பார்சல்தான் நல்லது. கியர்பாக்ஸை நானே அப்படித்தான் வரவழைத்தேன். சேஸிஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிட்டர்ன் லோடு: இதுதான் என் கட்சி. நம் பக்கமிருந்து முட்டை, காய்கறி, ஜவ்வரிசி என்று தினமும் வண்டிகள் கேரளாவுக்குப் போகின்றன. அங்கிருந்து இங்கே வர அந்த அளவுக்குச் சரக்கு இல்லை. பாதி காலியாகத் திரும்பும் டிரைவருக்கு, டீசல் காசுக்கு ஏதாவது கிடைத்தால் சரி. எனக்குக் கிடைத்தது பெரும்பாவூரில் பிளைவுட் ஏற்றிக்கொண்டு சேலம் வரும் ஓர் ஐச்சர். பிளைவுட் அரை வண்டிதான், மீதி இடம் எனக்கு. வாடகை 6,500. ஏற்ற 1,200, இறக்க 800. மொத்தம் 8,500. இதே கணக்கைத் திசை மாற்றிப் போட்டால் நடக்காது. சேலத்திலிருந்து கேரளா போகிற வண்டியில் இடம் கேட்டால் முழு வாடகைதான் சொல்வார்கள்.

எங்கே பிடிப்பது? சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி புக்கிங் ஆபீஸில் போய் நேரில் கேளுங்கள். ஆப்களில் தேடிப் பார்த்தேன். முழு வண்டிக்குத்தான் அவை லாயக்கு, அரை வண்டிப் பேச்சு வாயால்தான் நடக்கும். நாள் உங்கள் வசதிக்கு அமையாது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் ஒன்பது நாள் காத்திருந்தேன். நேஷனல் பர்மிட் இருக்கிறதா என்று பார்த்து, பாதிப் பணம் ஏற்றியதும், மீதி இறக்கியதும் என்று பேசுங்கள்.

படி 4: ஏற்றுவது

கிரேன் வேண்டாம். ஒரு மண்மேடு போதும். லாரியைப் பின்னோக்கி மேட்டோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு பலகை போட்டுத் தள்ளினால் ஏறிவிடும். ஐந்து பேர் வேண்டும். ஒன்றே ஒன்று. ஸ்டியரிங் பாக்ஸ் இல்லாத சேஸிஸில் முன் சக்கரங்கள் தம் இஷ்டத்துக்குத் திரும்பும். பலகையில் பாதி ஏறியதும் இடது பக்கம் திரும்பி இறங்கப் பார்த்தது. தள்ளுவதற்கு முன்பே டை ராடை (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சக்கரத்தை நேராக நிறுத்திவிடுங்கள்.

படி 5: கட்டுவது (இங்கேதான் நான் விழுந்தேன்)

நாலு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) வாங்கிக்கொண்டு போயிருந்தேன், இரண்டு அங்குல அகலம். சட்டத்தின் நாலு மூலையிலும் மாட்டி, ராட்செட்டை இனி திரும்பாது என்கிற வரை இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பெருமையாக போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். திருச்சூர் தாண்டியதும் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. குதிரான் சுரங்கத்துக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால், நாலு பெல்ட்டும் தொட்டில் கயிறு மாதிரி தொங்குகின்றன. சேஸிஸ் ஓர் அடி பின்னால் நகர்ந்திருந்தது. ஒரு பெல்ட், சட்டத்தின் துருப்பிடித்த விளிம்பில் உரசிப் பாதி அறுந்திருந்தது.

டிரைவர் அண்ணன் சங்ககிரிக்காரர். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தார். "ஏனுங்க, சட்டத்தைக் கட்டுனா அது குதிக்கத்தானுங்க செய்யும். காலைக் கட்டுங்க."

யோசித்துப் பாருங்கள். ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய வில்) இருக்கிறது. சட்டத்தைக் கீழே இழுத்துக் கட்டும்போது ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்குகிறது, பெல்ட் விறைப்பாகத் தெரிகிறது. லாரி ஒரு குழியில் விழுந்தால் சட்டம் இன்னும் கீழே அமுங்கும். அந்த நொடியில் பெல்ட் தளரும், கொக்கி கழன்றுகொள்ளும். அடுத்த நொடி ஸ்பிரிங் மேலே உதைத்துப் பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கும். 100 கிலோமீட்டர் இப்படி நடந்தால் எந்தப் பெல்ட் தாங்கும்? ஆக்சில் அப்படியில்லை. அதற்கும் லாரித் தளத்துக்கும் நடுவில் டயர் மட்டும்தான். ஆக்சிலைக் கட்டிவிட்டால் மேலே சட்டம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும், பெல்ட்டுக்கு அது தெரியவே தெரியாது.

அவர் சொன்னபடி மறுபடி கட்டினோம். முன் ஆக்சிலிலிருந்து இரண்டு பெல்ட் முன்பக்கமாக, பின் ஆக்சிலிலிருந்து இரண்டு பின்பக்கமாக. ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்க வேண்டும். அறுந்ததற்குப் பதில் அவரிடம் இருந்த கயிறு. இரும்பைத் தொடும் இடத்திலெல்லாம் பழைய டியூபை வெட்டிச் சுற்றினோம். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. லாரியின் பக்கவாட்டுக் கொக்கிகள் தார்ப்பாய்க்கயிறு கட்டத்தான், பெல்ட்டை அதில் மாட்டாமல் அடிச்சட்டத்தில் மாட்டச் சொன்னார். பிறகு பாலக்காட்டில் ஒரு தடவை, அவிநாசியில் ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். இரண்டு கிளிக் மட்டும் இறுக்க வேண்டியிருந்தது.

நைலான் கயிறு மட்டும் போதாதா என்றால், போதாது. மழையில் நனைந்தால் நீளும். கேரளாவில் மழைக்கு நாள் கிழமை கிடையாது. நாலு பெல்ட் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

படி 6: இறக்குவது

கொண்டலாம்பட்டி தாண்டி ஒரு பட்டறையில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துத் தூக்கும் கப்பி) இருந்தது. அரை மணி நேர வேலை. ஏற்காட்டுக்கே நேராகக் கொண்டுபோக முதலில் ஆசைப்பட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு, போக வர 5,000 என்றார்கள். மேலே போய் இறக்க மேடும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் அடிவாரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, இன்ஜினையும் பாடியையும் அங்கேயே ஏற்றினோம். வண்டி எட்டு மாதம் கழித்துத் தன் காலிலேயே மலையேறியது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் ஆக்சிலைக் கட்டியே கொண்டுவந்தாராம். வந்து பார்த்தால் பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஓடும் பிரேக் பைப் பெல்ட்டுக்கடியில் நசுங்கியிருந்தது. தப்பு என்னுடையது, எழுத விட்டுப்போயிற்று. என் சேஸிஸில் அந்தப் பைப் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. பெல்ட் சுற்றும் முன் கையால் தடவிப் பாருங்கள். பைப் இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது ஸ்பிரிங்கை ஒட்டி, பைப் இல்லாத இடமாகப் பார்த்துச் சுற்றுங்கள்.

இன்னொருவர், சக்கரம் ஆக்சில் எதுவும் இல்லாத வெறும் சட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதில் ஸ்பிரிங் தொல்லை இல்லை, சட்டத்தையே கட்டலாம். அடியில் மரக்கட்டை வைத்து, நாலு பேர் தூக்கினால் போதும். ஆனால் நீளம் அதே 10 அடி 4 அங்குலம்தான். பிக்கப்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.