கொத்தான் கொடி பறிக்கும்போது செய்யும் தவறுகள்

முடித்தைலம் காய்ச்சக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், வேறு செடிகளில் ஒட்டி வாழும் நூல் போன்ற கொத்தான் கொடியைப் பறிக்கப் போனால், நான் முதன்முதலில் செய்த தவறையே செய்துவிட்டு வருகிறார்கள். மண் போகக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

எதன்மேல் படர்ந்தது என்று பாராமல் அறுப்பது

கொத்தான் மண்ணில்தான் முளைக்கும். பற்றிக்கொள்ள ஒரு செடி கிடைத்ததும் அதன் வேர் அற்றுவிடும். அப்புறம் நீரும் சத்தும் அந்தச் செடியிடமிருந்துதான். கொடியை மெல்லப் பிரித்துப் பாருங்கள்: அட்டை வாய் போலச் சின்னச் சின்ன வில்லைகள் தண்டைக் கவ்வியிருக்கும். அந்த வாய் வழியே செடியின் நஞ்சும் ஏறி வரலாம்.

நான் முதலில் அறுத்தது ஓர் அரளி வேலியில். செழிப்பாகக் கிடந்தது, கைக்கும் எட்டியது. இடித்துச் சாறு பிழிந்து, இரண்டு லிட்டர் செக்கு நல்லெண்ணெயில் பதமாகக் காய்ச்சி இறக்கினேன். ஆத்தா ஒன்றுதான் கேட்டார்: "எதுமேல கெடந்ததுடா?" சொன்னேன். குழி தோண்டி அத்தனையையும் கொட்ட வைத்தார்.

அரளி வேர் முதல் பூ வரை இதயத் துடிப்பைக் குலைக்கிற நஞ்சு. தைலம் தேய்க்கும் தலையில் புண் இருக்கலாம். குழந்தை தலையைத் தடவிய கையை வாயில் வைக்கும். போன மாதம் ஒரு தம்பி பை நிறையக் கொண்டுவந்தான். உள்ளே அரளி இலைகள் அப்படியே சிக்கிக் கிடந்தன. "கொடியத்தானே அண்ணே எடுத்தேன், அரளியவா எடுத்தேன்?" என்றான். இந்தப் பேச்சைக் கேட்டால் இன்றும் எனக்குப் பொறுக்காது. எருக்கு, ஊமத்தை, காட்டாமணக்கு மேல் கிடப்பதையும் தொடாதீர்கள். இலந்தைப் புதர் தேடி எவ்வளவு தூரம் நடந்தாலும் சரி, நான் அதிலிருந்துதான் எடுக்கிறேன்.

பெயரை மட்டும் கேட்டுக்கொள்வது

முடக்கத்தானைச் சிலர் முடக்கொத்தான் என்பார்கள். அது தோசை மாவில் அரைக்கும் கீரை. இலையும் காற்றடைத்த காயும் உண்டு. கொத்தான் வெறும் நூல் போன்ற கொடி. மாவில் போட்டுவிடாதீர்கள்.

கொத்தான் என்று அம்மையார் கூந்தலை எடுப்பது

அதுவும் செடிகளில் ஒட்டிப் படர்வதுதான், ஆனால் வேறு. அது மஞ்சள் கொடி, காய் உலர்ந்து வெடிக்கும். கொத்தான் பச்சை, வெயிலில் செம்மஞ்சள் பாயும். காய் சதைப்பற்றுள்ள சிறு உருண்டை.

கஷாயம் வைத்துக் குடிப்பது

சித்த மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

மிச்சத்தை வேலியில் வீசுவது

அறுத்த துண்டும் ஒட்டிப் பிழைக்கும். காயவைத்து எரித்துவிடுங்கள்.